முதல் வெயில் தொப்பி: பேட்டர்னில் இருக்கிற எண்ணை நம்புவதா, தலையை அளப்பதா?

பூந்தளிர்:

எல்லோருக்கும் வணக்கம். குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) செயின், சிங்கிள் குரோஷே, ஹாஃப் டபுள் என்ற மூன்று ஸ்டிட்சும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இதுவரை பின்னியதெல்லாம் சதுரமும் நீளமுமாகத் தட்டையாக இருப்பவைதான், வட்டமாக எதுவும் பின்னியதில்லை. இப்போது வெயிலுக்குப் போட்டுக்கொள்ள எளிமையான ஒரு தொப்பி பின்ன வேண்டும் என்று ஆசை. பூ, இலை எதுவும் வேண்டாம். தலையில் ஒழுங்காக உட்கார வேண்டும், முகத்துக்கு நிழல் வர வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்த பேட்டர்ன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் சொல்கிறது. ஒன்றில் உச்சிக்கு 14 சுற்று, இன்னொன்றில் 19 சுற்று, எல்லாமே "பெரியவர் அளவு"தான். என்னிடம் இருக்கிற நூல் எதிலும் இல்லை. இருப்பது காட்டன் நூல், லேபிளில் தடிமன் எண் 3 என்று போட்டிருக்கிறது, மொத்தம் 150 கிராம். ஊசி 4 மி.மீ. டேப்பை நெற்றிக்கு மேலே, காதுக்குச் சற்று மேலாகச் சுற்றி அளந்தால் தலை 56 செ.மீ. வருகிறது.

எத்தனை சுற்று பின்ன வேண்டும், இந்த நூல் போதுமா, ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிட்ச் (இணைக்கும் ஸ்டிட்ச்) போட்டு மூட வேண்டுமா அல்லது அப்படியே சுருளாகப் போய்க்கொண்டே இருக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

பூந்தளிர், அந்த எண்களை எல்லாம் மறந்துவிடுங்கள். நூலும் ஊசியும் கையின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அடுத்தவருடைய 14 சுற்றும் உங்களுடைய 14 சுற்றும் ஒரே அகலம் வராது. உங்களுக்கு வேண்டியது டேப் மட்டும்தான், அதில் முக்கியமான வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள்.

தொப்பி என்பது மூன்று பகுதி. மேலே தட்டையான வட்டம், அதிலிருந்து நேராக இறங்கும் பக்கம், அப்புறம் மறுபடி விரியும் விளிம்பு. வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதைத் தலையே சொல்லிவிடும். 56-ஐ 3.14 ஆல் வகுத்தால் 17.8 செ.மீ. ஆனால் காட்டன் நூல் போடப் போட நெகிழ்ந்து கொடுக்கும், கம்பளி மாதிரி பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் வகுத்து வந்த கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள், 17 முதல் 17.5 செ.மீ. போதும். முதல் நாள் லேசாகப் பிடிக்கிற தொப்பிதான் ஒரு வாரம் கழித்துச் சரியாக இருக்கும்.

மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே போட்டு ஆரம்பியுங்கள். மேஜிக் ரிங் நழுவுகிறது என்றால் விட்டுவிடலாம், 2 செயின் போட்டு ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள் ஆறையும் போட்டாலும் சரிதான், நடுவில் புள்ளி மாதிரி ஒரு துளை தெரியும், பெரிய குறை இல்லை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஸ்டிட்சிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்து, ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று போனால் 18. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூடிக்கொண்டே போகும், 24, 30, 36 என்று. சுற்றின் எண்ணை ஆறால் பெருக்கினால் அந்தச் சுற்றில் இருக்க வேண்டிய ஸ்டிட்ச் எண்ணிக்கை, அதனால் எங்கே விட்டாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் நூலுக்கும் ஊசிக்கும் 16 அல்லது 17 சுற்றில், அதாவது 96 அல்லது 102 ஸ்டிட்சில், வேண்டிய அகலம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் நிறுத்துவது டேப் சொல்வதை வைத்து, என் எண்ணை வைத்து அல்ல.

அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு ஒன்றில் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். வட்டம் தானாகக் கீழே திரும்பிச் சுவர் எழும்பும். பக்கம் 9 செ.மீ. வரும்போது தலையில் வைத்துப் பாருங்கள். புருவத்துக்கு மேலே, காதின் மேல்நுனியைத் தொடும் உயரத்தில் விளிம்பு ஆரம்பித்தால் போதும். தலையில் வைத்துப் பார்க்க ஊசியைக் கழற்றி அந்த லூப்பில் ஒரு பின் மாட்டிவிடுங்கள்.

மூடுவதா சுருளா என்று கேட்டிருந்தீர்கள். முதல் தொப்பிக்குச் சுருள்தான் என் சிபாரிசு. மூடி மூடிப் பின்னினால் அந்த இணைப்புக் கோடு சாய்ந்து சாய்ந்து பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும், புதியவர்களுக்கு எது முதல் ஸ்டிட்ச் எது கடைசி என்ற குழப்பமும் அங்கேதான் வரும். சுருளில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சுற்றின் முதல் ஸ்டிட்சில் கட்டாயம் ஒரு மார்க்கர் வேண்டும். சேஃப்டி பின் போதும், வேறு நிற நூல் துண்டும் போதும். வெவ்வேறு நிறப் பட்டைகள் போடுவதாக இருந்தால் மட்டும் மூடிப் பின்னுங்கள், சுருளில் நிறம் மாற்றினால் ஒரு படிக்கட்டு தெரியும்.

விளிம்புக்குத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

சாரல்:

நூல்கண்டு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆறு இன்கிரீஸும் (ஒரே ஸ்டிட்சில் இரண்டு போடுவது) ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். சின்ன வட்டத்தில் தெரியாது, 17 செ.மீ. வரும்போது மூலைகள் நன்றாகத் தெரியும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இன்கிரீஸ் விழும் இடத்தைப் பாதி தூரம் தள்ளிவிட்டால் போதும். உதாரணமாக ஆறாவது சுற்றில், வழக்கமாக நான்கு போட்டு ஒரு இன்கிரீஸ். அதற்குப் பதிலாக முதலில் இரண்டு, ஒரு இன்கிரீஸ், பிறகு நான்கும் இன்கிரீஸுமாக ஐந்து முறை, கடைசியில் இரண்டு. மொத்தம் அதே 36தான், ஆனால் மூலை விழாது.

இன்னொன்று, பேட்டர்ன் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷில் ட்ரெபிள். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இது தெரியாமல் பின்னினால் தொப்பி கூடை அளவுக்கு வந்து நிற்கும். இந்தத் திரியில் எல்லோரும் அமெரிக்கப் பெயர்களையே சொல்கிறோம்.

பூந்தளிர்:

இருவருக்கும் நன்றி! இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. உடனே ஆரம்பித்தேன். எட்டாவது சுற்றில் இருக்கிறேன். வட்டம் தட்டையாக இல்லை, ஓரம் மேலே எழும்பிக் கிண்ணம் மாதிரி வருகிறது. கையால் அழுத்தினால் படுக்கிறது, விட்டால் மறுபடி எழும்புகிறது. பிரித்துவிடவா?

நூல்கண்டு:

பிரிக்காதீர்கள், முதலில் எண்ணுங்கள். எட்டாவது சுற்றில் 48 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கோ ஒரு இன்கிரீஸ் விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் சுற்றின் கடைசி இன்கிரீஸ். அப்படியானால் அந்தச் சுற்றுவரை மட்டும் பிரித்தால் போதும்.

48 சரியாக இருக்கிறது, ஆனாலும் கிண்ணம்தான் என்றால் கையில் பிடித்துப் பாருங்கள். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால் கை இறுக்கம், ஊசியை 4.5 மி.மீ.க்கு மாற்றுங்கள். விறைப்பு இல்லை, துணி இளக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழும்புகிறது என்றால் உங்கள் ஸ்டிட்ச் சற்று உயரமாக வருகிறது என்று பொருள். நூலை இழுத்து முதல் லூப்பை எழுப்பும்போது அதிக உயரம் தூக்குகிறவர்களுக்கு இப்படி வரும். ஒவ்வொரு சுற்றும் உயரமாக இருந்தால் வட்டம் வேகமாக அகலும், அந்த அகலத்துக்கு ஆறு கூட்டுவது போதாது. அவர்கள் ரிங்கில் 6-க்குப் பதில் 7 போட்டு ஆரம்பித்து, சுற்றுக்கு 7 கூட்டினால் படுத்துவிடும். இதற்கு நேர்மாறு, ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம். ஆறு என்பது வேதவாக்கு இல்லை, சராசரிக் கைக்குச் சரியாக வருகிற எண் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹாஃப் டபுளில் 8, டபுளில் 12 என்று மாறுவதும் இதே காரணத்தால்தான், ஸ்டிட்ச் உயரம் கூடக் கூட ஒரு சுற்றில் வட்டம் அதிகம் அகலுகிறது.

லேசான கிண்ணம் என்றால் கவலையே வேண்டாம். தலையும் தட்டை இல்லையே. கடைசியில் நனைத்து உலர்த்தும்போது சரியாகிவிடும்.

பூந்தளிர்:

எண்ணினேன், 46. ஏழாவது சுற்றில் ஒன்றும் எட்டில் ஒன்றும் விட்டிருக்கிறது. இரண்டு சுற்று மட்டும் பிரிக்கிறேன்.

வெண்முகில்:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும், ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வெயிலுக்குத்தான் தொப்பி என்றால் துளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். குரோஷேயில் பின்னிய எதிலும் துளை இருக்கும், அந்தத் துளை வழியாகப் புற ஊதாக் கதிரும் வரும். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எவ்வளவு வெளிச்சம் தெரிகிறதோ அவ்வளவு வெயில் உள்ளே வரும். அழகுக்காகப் போடுகிற லேஸ் மாதிரித் தொப்பிகளில் நிழலே பொட்டுப் பொட்டாகத்தான் விழும். நெருக்கமாக வரும் ஸ்டிட்ச்களில் ஒன்று சிங்கிள் குரோஷே, அதனால் நீங்கள் எடுத்திருக்கிற வழி சரியானது. விளிம்புக்கு மட்டும் ஊசியை 3.5 மி.மீ. ஆக்குங்கள், நெருக்கமும் வரும் விறைப்பும் வரும். நீண்ட நேரம் வெயிலில் நிற்க வேண்டிய வேலை என்றால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி லைனிங் வைத்துத் தைத்துவிடுவதுதான் முழுத் தீர்வு.

விளிம்பின் அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கேன்சர் கவுன்சில் பெரியவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி என்றால் குறைந்தது 7.5 செ.மீ. விளிம்பும், சரிந்து இறங்கும் பக்கெட் தொப்பி என்றால் குறைந்தது 6 செ.மீ. விளிம்பும் இருக்க வேண்டும் என்கிறது. பல பேட்டர்ன்களில் 4 செ.மீ.யோடு முடித்துவிடுகிறார்கள், அது மூக்குக்குக்கூட நிழல் தராது.

அக்ரிலிக் நூலை இதற்கு எடுக்கவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, தலை புழுங்கும். காட்டன், அல்லது காட்டனோடு மூங்கில் இழை கலந்தது, அல்லது லினன். ராஃபியா நூல் (ஓலை நார் போன்றது) அழகாக நிற்கும், ஆனால் முதல் தொப்பிக்குக் கைக்குக் கடினம், காகித ராஃபியாவைத் தண்ணீரில் ஊறவைக்கவும் முடியாது.

நூல்கண்டு:

வெண்முகில் சொன்னது அத்தனையும் சரி. இப்போது விளிம்பு.

விளிம்பைப் புதிய விஷயமாக நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். உச்சியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம், நடுவில் கூட்டுவதை நிறுத்திச் சுவர் எழுப்பினோம், இப்போது விட்ட இடத்திலிருந்து அதே வட்டத்தைத் தொடர்கிறோம். அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டினால் விளிம்பு தட்டையாக விரியும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 6 கூட்டினால் கீழ்நோக்கிச் சரியும், அதுதான் பக்கெட் தொப்பி. இந்த இரண்டுக்கும் நடுவே எந்தச் சரிவு வேண்டுமோ அதைக் கூட்டும் வேகத்தை வைத்து நீங்களே தீர்மானிக்கலாம். பின்னிக்கொண்டே இருக்கும்போது தலையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதுதான் குரோஷேயில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், துணியில் வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

விளிம்பின் முதல் சுற்றில் மட்டும் சற்றுத் தாராளமாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் எங்கே முடிகிறது விளிம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் மணி வடிவில் தொங்கும். 96 ஸ்டிட்ச் என்றால் ஏழு போட்டு ஒரு இன்கிரீஸ் என்று ஒரு சுற்று, 12 கூடி 108 ஆகும். பிறகு பதினேழு போட்டு ஒரு இன்கிரீஸ், 114. அப்படியே. 102-ல் நின்றவர்கள் குழம்ப வேண்டாம், தாராளமாகக் கூட்டுவதை இரண்டாவது சுற்றுக்குத் தள்ளிவிடுங்கள்: பதினாறு போட்டு ஒரு இன்கிரீஸ் என்று சுற்றி 108-க்கு வந்துவிட்டு, அடுத்த சுற்றில் எட்டு போட்டு ஒரு இன்கிரீஸ், 120 என்று போங்கள்.

நூல் போதுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 17.5 செ.மீ. உச்சி, 9 செ.மீ. பக்கம், 7 செ.மீ. தட்டை விளிம்பு என்று வைத்துப் பரப்பளவு கணக்கிட்டால், உச்சி ஒரு பங்கு, பக்கம் இரண்டு பங்கு, விளிம்பு இரண்டேகால் பங்கு வரும். விளிம்பு இவ்வளவு தின்னும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, பாதி விளிம்பில் நூல் தீர்ந்து நிற்பது அதனால்தான். உச்சி முடிந்ததும் சமையலறைத் தராசில் அதை எடை போடுங்கள். அதைப் போல ஐந்தேகால் மடங்கு முழுத் தொப்பியின் எடை. பற்றாது என்று தெரிந்தால் அப்போதே இன்னொரு கண்டு வாங்கிவிடலாம், லேபிளில் சாய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே நிறமே லேசாக மாறித் தெரியும்.

சாரல்:

விளிம்பு தொங்காமல் நிற்க என் வழி: கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் கனமான மீன்பிடி நைலான் இழையை விளிம்போடு வைத்து, அதையும் உள்ளே அடக்கிச் சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே போவது. வெளியே தெரியாது, துவைக்கலாம், மடித்தாலும் திரும்ப விரிந்துவிடும். முனைகளைச் சில செ.மீ. ஒன்றின் மேல் ஒன்றாக விட்டுவிடுங்கள்.

வெண்முகில்:

சாரல், முதல் தொப்பியில் அது வேண்டாம் என்பது என் கருத்து. இழை கொஞ்சம் நீளமாகப் போனால் விளிம்பு நெளியும், குறைந்தால் சுருங்கும். எங்கே தவறு, இழையிலா ஸ்டிட்சிலா என்று புதியவர்களுக்குப் பிடிபடாது. பூந்தளிர், ஊசியைச் சின்னதாக்கிப் பின்னுங்கள், கடைசியில் ஒரு சுற்று கிராப் ஸ்டிட்ச் போடுங்கள். சிங்கிள் குரோஷேயையே எதிர்த் திசையில் போடுவதுதான் அது, கயிறு முறுக்கிய மாதிரி ஓரம் வரும், அந்த ஓரமே விளிம்பைத் தாங்கும். கைப்பையில் மடித்துப் போடவும் வசதி.

சாரல்:

ஒப்புக்கொள்கிறேன், 7 செ.மீ. வரை கிராப் ஸ்டிட்ச் தாங்கும். 10 செ.மீ. அகல விளிம்பு பின்னும்போது இழை இல்லாமல் நிற்காது, அந்த அளவுக்குப் போகிறவர்கள் என் வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:

குழந்தைக்குப் பின்ன இதே கணக்கா? என் மகளுக்கு மூன்று வயது, தலை 50 செ.மீ. கழன்று விழாமல் தாடைக்குக் கீழே கட்ட நாடா வைக்கலாமா?

நூல்கண்டு:

அதே கணக்குதான் மழைத்துளி. 50-ஐ 3.14 ஆல் வகுத்தால் 15.9, நீங்கள் 15.5-ல் நிறுத்துங்கள். பக்கம் 7.5 செ.மீ. அளவில் வைத்துப் பாருங்கள். விளிம்பு 5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். நாடா மட்டும் வேண்டாம். விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது. காற்றில் பறக்கிறது என்றால் உள்பக்கம் விளிம்பு ஆரம்பிக்கும் இடத்தில் மெல்லிய எலாஸ்டிக் நூலை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள்.

பூந்தளிர்:

உச்சி முடிந்தது! 17-வது சுற்று, 102 ஸ்டிட்ச், அகலம் 17.2 செ.மீ. சாரல் சொன்னபடி தள்ளிப் போட்டதில் மூலையே இல்லை, உண்மையான வட்டம். எடை 26 கிராம், அப்படியானால் முழுத் தொப்பிக்குச் சுமார் 137, என்னிடம் இருக்கிற 150 போதும். பக்கம் பின்ன ஆரம்பித்துவிட்டேன். முடித்த பிறகு நூல் முனைகளை எப்படி மறைப்பது, முதல் துவையல் எப்படி?

வெண்முகில்:

நூலை வெட்டும்போது 15 செ.மீ. மிச்சம் விடுங்கள். காட்டன் வழுக்கும், ஒரே திசையில் செருகினால் இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும். மழுங்கிய முனையுள்ள கம்பளி ஊசியில் கோத்து உள்பக்கமாக ஒரு திசையில் கொஞ்ச தூரம், திரும்பி எதிர்த் திசையில், மறுபடி ஒருமுறை என்று செருகுங்கள். மேஜிக் ரிங்கின் முனையையும் இப்படியே பலமாக ஓட்டிவிடுங்கள், உச்சி பிரிந்தால் அங்கிருந்துதான் பிரியும்.

துவைப்பது குளிர்ந்த தண்ணீரில், கையால். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள், ஈரக் காட்டன் தன் எடையாலேயே நீண்டுவிடும். தலை அளவுக்கு ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி, விளிம்பைக் கையால் விரித்து நீவிவிட்டு நிழலில் உலரவிடுங்கள். அந்தப் பாத்திரத்தின் சுற்றளவு 55, 56 செ.மீ.க்கு மேல் போகாமல் அளந்துகொள்ளுங்கள், எந்த அளவில் உலருகிறதோ அந்த அளவில்தான் நிற்கும்.